மதகு யார் கையில்

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம் தவமணி முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "காலையிலேருந்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். குடித்திருந்தால்தானே சொல்வதற்கு! வெளியே வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் ஏறுவதற்கு முன் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது பல் துலக்குகிற மாதிரி தானாகப் படிந்துவிடுகிற பழக்கம். அதிலும் இது கணினிச் சில்லு செய்கிற தொழிற்சாலை. ஒரு தூசி விழுந்தால் ஒரு தட்டுச் சில்லும் பாழ். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நடுவில் ஒரு தடவை பாத்ரூம் போக வேண்டுமென்றால் அத்தனையையும் கழற்றி, போய்விட்டு வந்து, காற்றுக் கூண்டில் நின்று தூசியை உதறி, மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தன் இடத்துக்கு வருவதற்குள் லைன் லீடரின் முகம் கடுகடுவென்று ஆகியிருக்கும். இந்த அழகில் யார் தண்ணீர் குடிப்பார்கள்? நாக்கு வறண்டு, நீர்க்கடுப்பு வந்து, அதையும் வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"இனிமே நல்லாக் குடிங்க," என்பாள் தவமணி. சொல்லிவிட்டுச் சக்கர நாற்காலியைத் திருப்பி, தன் மணிக்கட்டில் இருக்கும் பட்டையைக் காட்டுவாள். அதில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். பிறகு தன் கதையைச் சொல்ல ஆரம்பிப்பாள்.

மணல் லாரி இடித்து அவளுக்கு நடுமுதுகு ஒடிந்தது. கால் போனதைப் பார்த்து ஊரே அழுதது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் போயிற்று, அதைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. சிறுநீர் எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாது. வருகிறது என்றும் தெரியாது, வந்துவிட்டது என்றும் தெரியாது. முதலில் குழாய் போட்டுப் பையைத் தொங்கவிட்டார்கள். அப்புறம் தானே குழாயைச் செருகி வடித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, நாற்காலிக்கு அடியில் சொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள். அதன்பின் அவள் ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. தங்கையின் கல்யாணத்துக்கே போகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அவளை அந்தக் குழியிலிருந்து தூக்கியெடுத்தவர் டாக்டர் மெஹ்ருன்னிசா. சிறுநீரக வைத்தியத்தில் பெரிய கை. ஆனால் நோயாளியிடம் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரி மாதிரிதான் பேசுவார்.

"ஒண்ணுக்குப் பை நிறைய நிறைய அதோட சுவர் இழுபடும் தவமணி. இழுபடுதுங்கற சேதியை நரம்பு எடுத்துட்டுப் போய்த் தண்டுவடத்தோட அடியில சொல்லும். அங்கேருந்து அது மூளைத்தண்டு வரைக்கும் ஏறும். அங்க ஒரு காவல்காரன் உக்காந்திருக்கான். அவன் 'திற'ன்னா பை சுருங்கும், வாசல் தளரும், ரெண்டும் ஒரே நேரத்துல. அவனுக்கு மேல நெத்திக்குப் பின்னால ஒரு எஜமான். 'நாலு பேர் நடுவுல இருக்கோம், இப்ப வேணாம், பொறு'ன்னு சொல்றது அவர்தான். கைக்குழந்தைக்கு அந்த எஜமான் இன்னும் வரலை, அதனாலதான் மடியிலேயே போயிடுது. உனக்கு எஜமானும் இருக்காரு, காவல்காரனும் இருக்கான். நடுவுல ரோடு அறுந்துபோச்சு. சொல் பேச்சு கேக்க ஆளில்லாம பை தன்னிஷ்டத்துக்குச் சுருங்குது, அவ்ளோதான்."

அந்த அறுந்த ரோட்டுக்குப் பதிலாக அவளுடைய அடிமுதுகு நரம்பின் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு கருவியை வைத்தார் டாக்டர். பை நிறைவதை அது கேட்டுக்கொண்டே இருக்கும். நிறைந்தால் மணிக்கட்டுப் பட்டை அதிரும். அதுவரை பையைச் சுருங்க விடாது. தவமணி நாற்காலியை உருட்டிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய், கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தினால் திறந்துவிடும். முதல் தடவை அழுத்திய அன்று அவள் உள்ளேயே உட்கார்ந்து அழுதாள். தன் உடம்பு தன் பேச்சைக் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. ஆனந்தம் தாங்கவில்லை.

கருவியைச் செய்த கம்பெனி அதற்கு 'ஈஸ்' என்று பெயர் வைத்தது. பெண்கள் வைத்த பெயர் மதகு. ஏரித் தண்ணீரை அடைக்கவும் திறக்கவும் இருக்கிற மதகு. கம்பெனி வைத்த பெயர் விளம்பரப் பலகையோடு நின்றுவிட்டது.

ஊனமான உடம்புக்கு வந்த மதகு நல்ல உடம்புக்குள் போனது எப்படி என்றால், அதைச் செய்த கம்பெனிக்குத்தான் இந்தச் சில்லுத் தொழிற்சாலையும் சொந்தம். மனிதவளத் தலைவர் சாரங்கனுக்கு மூளை வேலை செய்தது. ரோடு அறுந்தவளுக்கே இப்படி வேலை செய்கிறதென்றால், ரோடு சரியாக இருக்கிறவளுக்கு வைத்தால் என்ன? முட்டுகிறது என்ற சேதியே மேலே ஏறாமல் நிறுத்திவிடலாம். ஷிஃப்டில் இருக்கும்வரை பட்டைகளில் பட்டன் தூங்கும். லைன் லீடரின் திரையில் முறை வந்ததும் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகத் திறக்கலாம். மதகு வைத்துக்கொள்கிறவளுக்கு நிரந்தர வேலை என்று அறிவித்தார்கள். அதைச் சொல்லிப் புரியவைக்கத் தவமணியைவிடப் பொருத்தமான ஆள் யார் கிடைப்பார்? அவளுக்கும் வேலை கிடைத்தது.

சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. பெண்கள் பயமில்லாமல் தண்ணீர் குடித்தார்கள். நீர்க்கடுப்பு போயிற்று. முகம் தெளிந்தது. தவமணியக்கா, தவமணியக்கா என்று சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அவளும் மனதாரத்தான் பேசினாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மற்றது தெரிந்தது. முன்பெல்லாம் "வாடி போலாம்" என்று ஒருத்தி கிளம்பினால் நாலு பேர் சேர்ந்து போவார்கள். அங்கி கழற்றும் இடத்திலும் பாத்ரூம் வாசலிலும் நின்று பேசுவார்கள். லைன் லீடரைத் திட்டுவது, சம்பள உயர்வு கேட்கலாமா என்று கிசுகிசுப்பது, அழுகிறவளைத் தேற்றுவது எல்லாம் அங்கேதான். காமிரா இல்லாத இடம் வேறெங்கே இருக்கிறது? இப்போது திரை ஒவ்வொருத்தியாக அனுப்பியது. போகும் வழியில் யாரும் யாரையும் பார்ப்பதே இல்லை. வீட்டுக்குப் போனாலும் தொல்லை தீரவில்லை. கேட்டுக்கு வெளியே பட்டன் விழித்துக்கொள்ளும், ஆனால் முட்டுகிற உணர்வு மட்டும் வராது. லீவுக்கு ஊருக்குப் போன ஒருத்தியிடம் அவள் அம்மா, படுக்கப் போகும் முன் ஒண்ணுக்கு வரவில்லையாடி என்று கேட்டிருக்கிறாள். "தெரியலம்மா" என்றாளாம் இவள். தன் உடம்பைப் பற்றிக் கேட்டதற்கு இப்படி ஒரு பதில்.

அப்புறம் பிரிசில்லா விழுந்தாள்.

திண்டிவனத்துப் பக்கத்துப் பெண். வாயாடி. எதற்கும் ஒரு எதிர்க்கேள்வி வைத்திருப்பாள். அவசர ஆர்டர் ஒன்று வந்தது. மதகுதான் இருக்கிறதே, யாருக்கும் முட்டாதே என்ற தைரியத்தில் லைன் லீடர் திரையில் முறையைத் தள்ளிவைத்தான். மறுபடியும் தள்ளினான். அந்த வாரம் முழுக்க இதே கதைதான். பெண்களோ தவமணியக்கா சொன்னபடி வஞ்சனையில்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் குளிரில் உடம்பு தூக்கிப்போட, விலாவைப் பிடித்துக்கொண்டு பிரிசில்லா சுருண்டு விழுந்தாள்.

தவமணி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் மெஹ்ருன்னிசா ஸ்கேன் படத்தைக் காட்டினார். பைக்குள் இடம் இல்லாமல் சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பியிருந்தது. அங்கே அழுக்கு தங்கிச் சீழ் பிடித்திருந்தது. ஒரு பக்கம் பிழைத்துவிடும், இன்னொரு பக்கத்தைச் சொல்வதற்கில்லை என்றார்.

"முட்டுறது தொல்லைன்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. அது தொல்லை இல்லம்மா, அது உடம்போட வாய். நான் உனக்கு வச்சது வாயில்லாததுக்கு ஒரு வாய். இவங்க பண்ணினது இருக்கற வாயைத் தச்சது. ரெண்டும் ஒரே கருவிதான். யார் கையில இருக்குங்கறதுதான் வித்தியாசம்."

படுக்கையிலிருந்து பிரிசில்லா பார்த்தாள். அந்த வாயாடியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "எனக்கு முட்டவே இல்லக்கா. முட்டியிருந்தா சண்ட போட்டிருப்பேன்."

தவமணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று முதலில் புரியவில்லை. தனக்கு வரமாக வந்த பொருளை எடுத்து இந்தப் பிள்ளைகளின் கழுத்தில் கயிறாகப் போட்டவர்கள் மேல் என்று வீட்டுக்குப் போகும் வழியில் புரிந்தது. அதற்குத் தன் வாயையே வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்பது அதைவிட எரிந்தது.

பிரிசில்லாவின் அப்பா புகார் கொடுத்தார். தொழிலாளர் துறையிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் சாரங்கன் தவமணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். காபி வந்தது. முதுகு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தங்கமான மனுஷர், பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. மதகால் ஒரு ஆபத்தும் இல்லை, இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன் என்று அவள் அதிகாரியிடம் சொன்னால் போதும் என்றார்.

தவமணி காபியைத் தொடவில்லை.

"உங்களுக்குத் தெரியாததில்லை," என்றார் சாரங்கன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "உங்க கருவியும் நம்ம சர்வர்லதான் ஓடுது. ஏதாவது கோளாறாகி நின்னுட்டா, பாவம், மறுபடி அந்தப் பழைய கஷ்டம். உங்க தங்கச்சி வீட்டு விசேஷத்துல நடந்ததை நீங்க சொல்றப்பல்லாம் எனக்கே மனசு தாங்காது."

பயந்தாளா என்றால், பயந்தாள். அந்த நிச்சயதார்த்தக் கூடம் இன்றைக்கும் அவள் கண்ணைவிட்டு அகலவில்லை. மதகு போனால் வேலை போகும், வெளியே தலைகாட்டுவது போகும், மறுபடி குழாய், மறுபடி வீட்டுக்குள் முடங்கல். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

நேரே டாக்டரிடம் போனாள். சர்வர் இல்லாமல் கருவியை ஓட்ட வழி உண்டா என்று கேட்டாள். இல்லை, சாவியை அவர்கள் வெளியே விட்டதே இல்லை என்றார் டாக்டர். நின்றுவிட்டால் உயிருக்கு ஆபத்தா என்று கேட்டாள். குழாய் வைத்து நேரத்துக்கு வடித்துக்கொண்டால் ஆபத்தில்லை, ஆனால் வாழ்க்கை சுருங்கிவிடும் என்றார். எதற்கும் ஒருமுறை நன்றாக யோசி என்றும் சொன்னார்.

"குழாய் எனக்குத் தெரிஞ்ச வித்தைதானே டாக்டர்," என்றாள் தவமணி. "ஒரு பெட்டி எழுதிக் குடுங்க."

விசாரணை நாளன்று கேண்டீனில் மேஜைகளை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஷிஃப்ட் முடித்த பெண்களும் அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர்களும் சுவரோரம் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி மங்கையர்க்கரசி காலையிலேயே வந்து இயந்திரங்களைப் பார்த்து, லைன் லீடரை விசாரித்து, இப்போது களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சாரங்கன் எழுந்து, பட்டையும் பட்டனும் பெண்களின் கையில்தான் இருக்கிறது என்றார். கம்பெனி நேரத்தை நினைவூட்டுகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்தப் பெண் நினைவூட்டலைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள்.

"மதகை நாங்க தொடவே முடியாது மேடம்," என்று முடித்தார். "அது அவங்கவங்க உடம்பு."

சுவரோரத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. தவமணியைப் பேசக் கூப்பிட்டார்கள்.

அவள் நாற்காலியை நடுக்கூடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். மணிக்கட்டில் பட்டை அதிர்ந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. மதகால் ஆபத்து உண்டா என்று அதிகாரி கேட்டார்.

"என் கையில இருக்கறவரைக்கும் இல்லீங்க மேடம்," என்றாள். சாரங்கன் புன்னகையோடு தலையாட்டினார். அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "இங்க இருக்கறவங்கள்ல யாருக்கு இப்ப முட்டுது? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. காலையிலிருந்து எத்தனை பேர் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டாள். அத்தனை கையும் எழுந்தது.

"மேடம், உங்களுக்கு?"

மங்கையர்க்கரசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்தது. "உண்மையைச் சொல்லணும்னா, ஒரு மணி நேரமா அடக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

"அப்ப எழுந்து போயிட்டு வாங்க மேடம். யாரையும் கேக்க வேணாம்."

அதிகாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கேண்டீன் கதவைத் திறந்து நடந்து போனார். போகிறவரை அத்தனை பெண்களும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பொம்பிளைக்கு முட்டியது, அவள் எழுந்து போனாள். உலகத்தில் இதைவிடச் சாதாரணமான காரியம் உண்டா? அந்தக் கூடத்தில் அதைப் பார்த்துச் சிலருக்குக் கண் கலங்கியது.

கதவு சாத்தியதும் சாரங்கனின் முகம் மாறியது. குனிந்து, தன் பக்கத்தில் கையில் திரையோடு உட்கார்ந்திருந்த ஆளின் காதில் ஏதோ சொன்னார். அந்த ஆள் தவமணியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். விரல் மட்டும் திரையில் நகர்ந்தது.

பட்டையில் பச்சை விளக்கு அணைந்தது.

சாரங்கன் போட்ட கணக்கு இதுதான். ஐயோ என்று அலறிக்கொண்டு இவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே ஓடுவாள். அதிகாரி திரும்பி வரும்போது சாட்சி இருக்க மாட்டாள். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். பெண் என்றால் மானத்துக்குப் பயந்தவள் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ.

தவமணி அசையவில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து அவள் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். பட்டை அதிர அதிரப் பட்டனைத் தொடாமலே வந்திருந்தாள். இந்த மனுஷர் இதைத்தான் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அவர் செய்ய வேண்டும் என்றுதான் வந்தாள்.

தடுக்க ஆளில்லாத பை தன்னிஷ்டத்துக்குச் சுருங்கியது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு வாடை வந்தது. புடவையின் மடிப்பு கறுத்து, சக்கரத்தின் அடியில் தேங்கி, கூட்டத்தைப் பார்த்து ஓடியது. முன்னால் நின்றவர்கள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். அவளுக்குக் காது மடல் எரிந்தது. உடம்பு கூசிக் குறுகியது. செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் குனியாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. மங்கையர்க்கரசி கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் தரையைப் பார்த்து நின்றார். தண்ணீர் ஜாடி எதுவும் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டார். சாரங்கன் அவசரமாக எழுந்து, பாவம், அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஓய்வறைக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லிக் காவலாளிக்கு ஜாடை காட்டினார். காவலாளி நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டான். தவமணி சக்கரத்தின் பிரேக்கைப் போட்டாள்.

"தண்ணி இல்ல மேடம், ஒண்ணுக்கு," என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "நீங்க வெளியே போன நேரத்துல என் மதகை நிறுத்திட்டாங்க. என் விரல் பட்டன் மேல படல, எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க. தொடவே முடியாதுன்னு இப்பதான் சார் உங்ககிட்ட சொன்னாரு."

அதிகாரி சாரங்கனைப் பார்த்தார். சாரங்கன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். திரை வைத்திருந்த ஆள் அதை மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அவர்தான் சொன்னார் என்று தரையைப் பார்த்தே சொன்னான். சுவரோரத்திலிருந்து ஒருத்தி, நான் பார்த்தேன் என்றாள். நானும் என்றாள் இன்னொருத்தி. அதன்பின் யார் யார் சொன்னார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை.

மங்கையர்க்கரசி அந்த ஈரத்தை மிதித்துக்கொண்டே கிட்டே வந்தார். தவமணியின் தோளில் கைவைத்து, முதலில் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வாருங்கள், அவசரமில்லை, நான் காத்திருக்கிறேன் என்றார்.

"அப்புறம் மாத்திக்கறேன் மேடம்," என்றாள் தவமணி. "பிரிசில்லாவைப் பத்தி நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கல. உக்காருங்க."